பரீட்சைக்கு முன்னால் ஒரு சிரிப்பு

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடம் முத்திரையிட்டு எழுதித்தரும் கடைசி வார்த்தைகள் மாற்றுச் சான்றிதழில் இருக்கின்றன. பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளமாக இரண்டு மச்சமோ தழும்போ, சேர்ந்த தேதி, விலகிய தேதி. நடத்தை என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ‘நன்று’. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையானால் ஏழு வருடம் அந்த வளாகத்துக்குள் வளர்ந்திருக்கிறது. குரல் உடைந்திருக்கிறது, உயரம் கூடியிருக்கிறது, மதியச் சாப்பாட்டை யாரோடு பங்கிட்டுக்கொள்வது என்பது நாலைந்து முறை மாறியிருக்கிறது. இவற்றில் எதையும் அந்தத் தாள் சொல்லாது. சொல்வது அதன் வேலையும் இல்லை. அதற்கென்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேறு ஏற்பாடுகள் பல காலமாக இருந்துவருகின்றன. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிளஸ் ஒன் பிள்ளைகள் எடுக்கும் பிரிவு உபசார விழா, அதையொட்டிக் கைமாறும் ஆட்டோகிராப் நோட்டு, ஆசிரியர்களை அவர்கள் கண்ணெதிரிலேயே நடித்துக் காட்டும் அரை மணி நேரம், நண்பர்களுக்குச் சூட்டும் பட்டப்பெயர்கள். பெரியவர்கள் பலர் இதையெல்லாம் பரீட்சை நேரத்துக் கூத்து என்று பொறுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் பள்ளிக்குச் சொல்லும் நன்றிகளிலேயே நேர்மையானது இந்தச் சிரிப்புத்தான் என்பது என் எண்ணம். அது பரீட்சைக்கு முன்னால் நடப்பதுதான் முறை என்றும் சொல்வேன்.

நடித்துக் காட்டுவதையே முதலில் எடுத்துக்கொள்வோம். கெமிஸ்ட்ரி சாராக மேடையேறும் பையன் எடுத்தவுடனே பேசுவதில்லை. டஸ்டரை மேசை ஓரத்தில் வைக்கிறான். வைத்ததை ஒரு விரலால் நேராக்குகிறான். சாக்பீஸை இரண்டாக உடைத்து, சின்னத் துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதற்குள் கூடம் சிரித்துக் கலைகிறது. அப்புறம் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போர்டு பக்கம் திரும்பிக்கொள்கிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். எந்த ஊர்ப் பள்ளியில் படித்தவருக்கும் இப்படி ஒரு காட்சி நினைவில் இருக்கும்; சார்தான் மாறியிருப்பார். இதற்கு எவ்வளவு கவனம் தேவை என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. உப்பு ஆய்வுக்கான படிகளைச் சரியாக எழுதிவிட்டால் அந்தப் பிள்ளை பாடத்தைக் கவனித்தது என்று விடைத்தாள் சொல்லிவிடும். சின்னத் துண்டு சட்டைப் பைக்குள் போவதைக் கவனித்ததற்கு எந்த விடைத்தாளிலும் இடமில்லை. வகுப்பில் கவனமே இல்லை என்று திட்டு வாங்கியவன்தான் பெரும்பாலும் இந்த நடிப்பில் கெட்டிக்காரனாக இருப்பான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவன் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பாடத்தைவிடப் பாடம் நடத்தும் மனிதரை அதிகமாகக் கவனித்திருக்கிறான்.

இதற்குப் பக்கத்தில், அதே மேடையில் படிக்கப்படும் நன்றியுரையை வைத்துப் பாருங்கள். ஆசிரியர்கள் ஏணியாக இருந்தார்கள், தோணியாக இருந்தார்கள், மெழுகுவர்த்தியாக உருகினார்கள். சொல்லும் பிள்ளை மனதாரத்தான் சொல்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உரையை அப்படியே எடுத்துப்போய்ப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் படித்தாலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்காது. டஸ்டரை நேராக்குவது ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாரையும் இல்லை என்று சொல்லும் நன்றி எதுவோ அதுவே எடை கூடியது. இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்காத ஆசிரியரை யாரும் மேடையில் நடிப்பதில்லை. அவரைப் பற்றி அன்றைக்குப் பேச்சே எழாது. நடிப்பில் தன் முறை வராதா என்று காத்திருக்கும் ஆசிரியர்கள் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆட்டோகிராப் நோட்டும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்தவர்கள் வீட்டுப் பரணில் அது இன்னும் கிடைக்கலாம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, படுக்கைவாக்கில் நீளம், பக்கத்துக்கொரு நிறம்: ரோஸ், இளம்பச்சை, வெளிர்மஞ்சள், வெளிர்நீலம். யார் எந்த நிறத்தில் எழுதுவது என்பதற்கே சண்டை நடக்கும். முதல் பக்கத்தைத் தலைமையாசிரியருக்கென்று காலியாக விடுவார்கள். பக்கத்தின் மூலையை மடித்து, மேலே ‘பிரிக்காதே’ என்று எழுதி, பிரித்தால் உள்ளே ஒரு திட்டு இருக்கும். பின்னால் வந்த ஸ்லாம் புக்கில் பிடித்த நடிகர், பிடித்த நிறம், லட்சியம் என்று கேள்விகளை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். லட்சியம் என்ற இடத்தில் டாக்டரும் கலெக்டரும் நிறைந்துபோனார்கள். இந்த நோட்டுகளை இன்று எடுத்துப் படித்தால், வாழ்த்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது தெரியும். வாழ்க வளமுடன், நட்பு தொடரட்டும், என்றும் மறவாதே. எழுதியவர் முகம் அவற்றிலிருந்து எழும்பி வராது. கேண்டீனில் வாங்கித் தின்ற முட்டை பப்ஸுக்கு இன்னும் காசு வரவில்லை என்றோ, கடன் வாங்கிய காம்பஸைத் தொலைத்துவிட்டுப் புதிதாக வாங்கிக் கொடுத்தவனே என்றோ, பிரேயரில் உன் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கியே எனக்கு வயிற்றுவலி வந்தது என்றோ எழுதிய பக்கம் மட்டும் உயிரோடு இருக்கும். அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஓர் இடம் இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது. ‘ஆட்டோகிராப்’ (2004), ‘96’ (2018) போன்ற படங்கள் பள்ளிப் பிரிவைச் சொல்லாமல் போன காதலின் கதையாக நம் மனதில் ஊன்றிவிட்டன. அந்தக் கண்ணீரும் உண்மைதான். ஆனாலும் அந்த நோட்டுகளில் காதலுக்குக் கிடைத்த இடத்தைவிடக் குறும்புக்குக் கிடைத்த இடம் பல மடங்கு பெரிது.

இனி, ஏன் பரீட்சைக்கு முன்னால் என்ற கேள்வி. தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளி முடியும், பி.யூ.சி.க்குக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். பிளஸ் டூ முதல் அணி 1980-ல் தேர்வெழுதி வெளியேறியதிலிருந்து, பள்ளியின் கடைசி வாசல் ஒரு பெரிய பொதுத்தேர்வோடு ஒட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் 1200 மதிப்பெண், இப்போது 600. கட்ஆஃப் என்ற ஒற்றை எண் கல்லூரியையும் பாடப்பிரிவையும் தீர்மானிக்கும். ஒரு காலத்தில் மாலைப் பத்திரிகையின் சிறிய எழுத்தில் பதிவெண்ணைத் தேடினார்கள், அப்புறம் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்றார்கள், இன்று கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. மாநில ரேங்க் அறிவிப்பது 2017-ல்தான் நின்றது. தேடும் வழி மாறினாலும் அந்த நாள் செய்யும் வேலை மாறவில்லை. காலையில் ஒன்றாக இருந்த வகுப்பை மத்தியானத்துக்குள் அது பல வரிசைகளாகப் பிரித்துவிடுகிறது. இனிப்போடு பள்ளிக்கு வருகிறவர் உண்டு. தெருவழியே வராமல் சுற்றிப் போகிறவர் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தம்பியை அனுப்புகிறவரும் உண்டு. அதற்குப் பிறகு விழா வைத்தால் அது வென்றவர்களின் கூட்டமாகத்தான் இருக்கும். தோற்றவர் வரமாட்டார், வந்தாலும் சிரிக்க மாட்டார். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ நடக்கும் விழாவில் இந்தப் பிரிவினை இன்னும் வந்திருக்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் யார் எத்தனை வாங்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் அது மாற்றக்கூடிய எண், யாரும் அதைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் ஒரே பள்ளியிலிருந்து ஒரே மாதிரி விடைபெறக்கூடிய கடைசி வாய்ப்பு அந்த ஒரு நாள்.

இது வெறும் கற்பனை வாதம் இல்லை என்பதற்கு கொரோனா ஆண்டுகள் சாட்சி. 2020-ல் பிளஸ் டூவின் கடைசித் தேர்வு மார்ச் 24 அன்று நடந்தது. அன்று மாலையே மாநிலம் முடங்கியது. பஸ் இல்லாமல் அன்று தேர்வெழுத முடியாமல் போனவர்களுக்கு ஜூலையில் தனியாகத் தேர்வு வைக்க வேண்டியிருந்தது. பரீட்சை முடிந்து நிதானமாகப் பிரிவு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த பள்ளி ஏதாவது இருந்திருந்தால், அங்கே அது நடக்கவே இல்லை. பிப்ரவரியிலேயே விழாவை முடித்த பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அதுவாவது மிஞ்சியது. அடுத்த அணிக்கு அதுவும் இல்லை. பத்து மாதம் மூடிக்கிடந்த பள்ளிகள் 2021 ஜனவரியில் அவர்களுக்காகத் திறந்தன. முகக்கவசத்தோடும் இடைவெளியோடும் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் மாதம் பொதுத்தேர்வே ரத்தானது. மதிப்பெண் பிரச்சினைக்கு அரசு வழி கண்டுபிடித்தது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினோராம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டு ஜூலையில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தது. எழுதாத பரீட்சைக்கு மதிப்பெண் போட ஒரு சூத்திரம் கிடைத்தது. நடக்காத விடைபெறலை ஈடுகட்டச் சூத்திரம் எதுவும் கிடையாது. பள்ளி வாழ்க்கையில் எது மாற்று இல்லாத பொருள் என்று அந்த ஆண்டு தெளிவாகவே காட்டிவிட்டது.

பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது இதற்கெல்லாம் நேரமா என்று பெற்றோரும் சில தலைமையாசிரியர்களும் கேட்கிறார்கள். நியாயமான கவலை. ரிவிஷன் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ், ஒன் மார்க் டெஸ்ட் என்று நாட்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. ஆனால் கேட்பது அரை நாள். பரீட்சை ஏற்கெனவே எடுத்துக்கொண்டதை நினைத்தால் அந்த அரை நாளைப் பெரிய பறிப்பாகச் சொல்ல மனம் வராது. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்க 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் அதன் விளைவாக, அண்ணன்களையும் அக்காக்களையும் வழியனுப்பி வைக்க வேண்டிய பிள்ளைகளும் அதே பிப்ரவரியில் ஹால் டிக்கெட்டோடு நின்றார்கள். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. விருந்து கொடுக்கிறவர்களுக்கு இப்போது மூச்சுவிட நேரம் இருக்கிறது. நேரக் கணக்கைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். தன்னைப் போலவே நடித்த பையனைப் பார்த்துச் சிரித்த ஆசிரியரிடம், மறுவாரம் ஒரு சந்தேகம் கேட்கப் போவது எளிது. பயம் தெளிந்த இடத்தில் கேள்வி வரும். பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் பிள்ளைக்குத் தேவைப்படுவது இன்னொரு மாதிரித் தேர்வைவிட அதுவாக இருக்கலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. கேலி என்ற பெயரில்தான் பள்ளிகளில் கொடுமைகள் நடக்கின்றன, அதை மேடையேற்ற வேண்டுமா? கறுப்பு, குண்டு, திக்குவாய் என்பவையே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டு, நாற்பது வயதிலும் அதைக் கேட்டால் முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. சாதியைச் சொல்லிச் சீண்டுவது எதில் போய் முடியும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். பிளஸ் டூ மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் வரை பேசி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இவ்வளவு நடந்த மண்ணில் கேலிக்கு வக்காலத்து வாங்குகிறவர் எல்லை எது என்று சொல்லாமல் போகக் கூடாது. ஒருவர் செய்வதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஒருவர் பிறந்த விதத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சாக்பீஸ் உடைப்பது, ‘நெக்ஸ்ட் கிளாஸ்ல பார்ப்போம்’ என்று சொல்லி ஒரு வருடம் ஓட்டுவது, விளையாட்டு பீரியடை மேத்ஸுக்குக் கடன் வாங்கித் திருப்பித் தராமலே போவது, இவையெல்லாம் செய்கைகள். நிறமும் உடலும் வீடும் செய்கைகள் இல்லை. அடுத்தது, கேலிக்கு ஆளானவர் அதே மேடையில் ஏறித் திருப்பிக் கொடுக்க முடிய வேண்டும். முடியாத இடத்தில் அது விளையாட்டு ஆகாது. இந்த இரண்டையும் ஒத்திகையிலேயே பார்த்துத் திருத்துவது ஒரு கிளாஸ் டீச்சருக்குக் கடினமான வேலை இல்லை. விழாவையே நிறுத்திவிட்டால் கேலி நின்றுவிடாது. அது டாய்லெட் சுவருக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விடும். அங்கே திருத்த யாரும் இருக்க மாட்டார்கள்.

பள்ளியில் சந்தோஷமே பார்க்காத பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. பிரம்படி 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் படித்த தலைமுறைக்குப் பள்ளி நினைவென்றால் முழங்கால் வலிதான் முதலில் வரும் என்றால் மறுக்க முடியாது. அவர்களைக் கட்டாயப்படுத்தி மேடைக்கு முன்னால் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வது தவறு. வராமல் இருக்கும் உரிமையும் இந்த நாளின் ஒரு பகுதியாக இருக்கட்டும். ஆனால் பல பிள்ளைகளுக்கு, மனதில் உறைந்த ஒரு கோபத்தை முதன்முதலாக வெளியே சொல்ல முடிந்த இடம் இந்த மேடைதான் என்பதையும் மறக்க வேண்டாம். ‘வெளியே போ’ என்ற சொல்லை ஒரு வருடத்தில் நூறு தடவை கேட்ட பெண், அதே குரலில் அதே விரல் நீட்டலோடு அதைச் சொல்லிக் காட்டும்போது கூடம் சிரிக்கிறது. சொன்னவருக்கு அது எப்படி ஒலித்தது என்று அப்போதுதான் தெரிகிறது. முறையீட்டுக் கடிதம் எழுதத் தெரியாத வயதில் இதுவும் ஒரு முறையீடு. பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகளையும் இங்கே சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ.க்கோ, பாலிடெக்னிக்குக்கோ, கடை வேலைக்கோ போகிறவர்களுக்குப் பள்ளியின் கடைசி வகுப்பு அதுதான். பல பள்ளிகளில் அவர்களுக்கு விழா எதுவும் கிடையாது. பத்தாம் வகுப்புக்கும் ஒரு அரை நாள் வேண்டும் என்று உரக்கவே கேட்பேன்.

செலவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரே நிறத்தில் பட்டுச் சேலை, வாடகைக் கார் ஊர்வலம், டி.ஜே., மண்டபம் என்று சில இடங்களில் வளர்ந்திருப்பது எனக்கும் பிடிக்கவில்லை. அது வாங்க முடிந்தவரையும் முடியாதவரையும், தேர்வு முடிவுக்கு முன்பே, பிரித்துவிடுகிறது. எதற்காக இந்த நாள் வேண்டும் என்று சொன்னேனோ அதையே கெடுக்கிறது. சீருடையிலேயே நடக்கட்டும். டஸ்டரும் மேசையும் பள்ளியிலேயே இருக்கின்றன. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் இருக்கப் போகிறார்களே, பிரிவு எங்கே வந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்லலாம். நண்பர்கள் குரூப்பில் இருப்பார்கள், வகுப்பு இருக்காது. நட்பு இல்லாமலே இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வாரம் ஒருமுறை மட்டும் வரும் நூலக பீரியட், பெல் அடிக்கும் அண்ணன், லேபில் அமில பாட்டில்களை வரிசையாக அடுக்கிவைக்கும் அட்டெண்டர் யாரும் எந்தக் குரூப்பிலும் சேரப்போவதில்லை. அவர்களிடமிருந்துதான் நேரில் விடைபெற்றாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால், ஆசிரியர்களுக்கும் பத்து நிமிடம் ஒதுக்குவேன். இப்போது அவர்களுக்குக் கிடைப்பது அறிவுரை சொல்லும் நேரம். நன்றாகப் படியுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், கறுப்பு மையில் எழுதுங்கள் என்று முடிந்துவிடுகிறது. அதை ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளுக்குத் தள்ளிவிடலாம். பிள்ளைகள் தங்களைக் கவனித்ததைப் போலவே ஆசிரியர்களும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாததற்கு யார் என்ன காரணம் சொல்வார்கள், யார் தூங்கும்போதும் புத்தகத்தை நேராகப் பிடித்திருப்பார்கள், இறந்துபோன தாத்தாவை மூன்று தடவை இறக்கவைத்து யார் லீவு வாங்கினார்கள் என்பதெல்லாம் ஸ்டாஃப் ரூமுக்குத் தெரியும். தமிழம்மா எழுந்து வந்து, கடைசி பெஞ்சுக்காரன் லீவ் லெட்டரில் அப்பா கையெழுத்தைப் போடும்போது நாக்கை எப்படிக் கடித்துக்கொள்வான் என்று நடித்துக் காட்டட்டும். அவன் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்வான், தமிழம்மாவுக்கு அது முதல் கடிதத்திலேயே தெரிந்திருந்தது என்று.